எரு வேண்டா விளைவு: உழவு அதிகாரத்து இரு குறள்கள்

திருக்குறளின் உழவு அதிகாரத்தில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு குறள்கள் ஒன்றோடொன்று பொருதுவன போலத் தோன்றும். ஒரு பலம் புழுதி காற்பலமாகும்படி நிலத்தை உழுது காயவிட்டால், கைப்பிடி அளவு எருவும் இல்லாமலே பயிர் செழித்து விளையும் என்பது 1037ஆம் குறளின் கருத்து. உழுவதைக் காட்டிலும் எருவிடுதல் சிறந்தது என்று தொடங்குவது 1038ஆம் குறள். முன்னது எரு வேண்டா என்கிறது. பின்னது எருவுக்கு ஏரினும் உயர்ந்த இடம் தருகிறது. ஒரே புலவர், ஒரே அதிகாரத்தில், ஒரு குறளுக்கு அடுத்த குறளிலேயே இவ்வாறு கூறியிருப்பாரா என்று வகுப்பில் ஒரு மாணவன் கேட்டால், ஆசிரியர் எதனை விடையாகச் சொல்வது?

உரையாசிரியர்கள் இக்கேள்வியை எழுப்பியதாகத் தெரியவில்லை. பரிமேலழகர் 1038ஆம் குறளின் உரையில் உழுதல், எருவிடுதல், களைகட்டல், நீர் பாய்ச்சல், காத்தல் என்னும் ஐந்தையும் வரிசைப்படுத்தி, ஐந்தும் வேண்டுவனவே என்று அமைதி காண்கிறார். ஆனால் எரு வேண்டா என்ற முற்குறளோடு இது எவ்வாறு பொருந்தும் என்பதைப் பற்றிப் பேசவில்லை. 1949ஆம் ஆண்டில் வெளிவந்து, பள்ளிக்கூட அலமாரிகளில் இன்றளவும் தவறாது காணப்படும் மு. வரதராசனாரின் தெளிவுரையும் பழைய பொருளையே எளிய நடையில் தருகிறது. 1886ஆம் ஆண்டின் ஜி. யு. போப் மொழிபெயர்ப்பும் அவ்வாறே. எல்லாரும் குறளின் அளவை எடையாகவே கொண்டனர். எவரும் நிறுத்துப் பார்க்கவில்லை.

நிறுத்துப் பார்ப்பது அரிய செயலன்று. பள்ளித் தோட்டத்து மண்ணும் ஒரு தராசும் ஒரு வார வெயிலும் போதும். உழுது புரட்டிய ஈரமண் நூறு கிராம் எடுத்து உலர்த்தினால், நல்ல களிமண்ணாயினும் குறைவது இருபது முப்பது கிராம். சேறாகக் குழைத்த நெல்வயல் மண்ணாயின் நாற்பது கிராம் வரை குறையலாம். அதில் பாதிக்கு மேல் நீராக இருத்தல் அரிது. நூறு கிராம் இருபத்தைந்து கிராமாக வற்ற வேண்டுமாயின், அம்மண் தன் உலர் எடையைப் போல மும்மடங்கு நீரைத் தன்னுள் வைத்திருக்க வேண்டும். சாதாரண வயல் மண் எதுவும் அவ்வாறு வைத்திருப்பதில்லை. ஆகவே கஃசு என்பது தராசில் வைக்கும் காற்பலம் அன்று. நன்றாக, மிக நன்றாக உலரட்டும் என்பதை அழுத்திக் கூறும் உயர்வு நவிற்சி. (கஃசு என்னும் சொல்லை நம் மாணவர் பெரும்பாலும் ஆய்தத்தொடர்க் குற்றியலுகரத்துக்கு எடுத்துக்காட்டாக மட்டுமே அறிவர். அது ஒரு நிறை என்பதும், உழவனோடு தொடர்புடையது என்பதும் பலர்க்கு வியப்பாக இருக்கும்.)

இவ்வாறு எண்ணைத் தளர்த்திக்கொண்ட பிறகும், குறள் கூறும் செய்தி வெறும் புனைவாகிவிடவில்லை. கென்யாவில் ஆய்வு நடத்திய எச். எப். பர்ச் என்பவர் 1958ஆம் ஆண்டில் ஓர் உண்மையை விரிவாக நிறுவினார். நன்றாக உலர்ந்த மண்ணில் மீண்டும் நீர் படும்போது, அதன் உள்ளிருக்கும் மக்கு விரைந்து சிதைகிறது. அதில் கட்டுண்டு கிடந்த தழைச்சத்து பயிர் உண்ணத்தக்க வடிவில் ஒரேயடியாக வெளிப்படுகிறது. எவ்வளவு கடுமையாக உலர்ந்ததோ அவ்வளவு மிகுதியாக வெளிப்படும். இதனை இன்று அவர் பெயராலேயே பர்ச் விளைவு என்பர். ஜப்பானிய நெல் ஆய்வாளர்களும் உலர்மண் விளைவு என்று பெயரிட்டு இதனை ஆராய்ந்திருக்கின்றனர். தமிழ்நாட்டு உழவர் கோடையுழவு போட்டு மண்ணைப் புரட்டி வெயிலில் கிடத்தி, முதல் மழைக்குக் காத்திருப்பதன் பயன் இதுவே. சித்திரைப் புழுதியைப் பொன்னுக்கு நிகராகச் சொல்லும் பழமொழியும் இதிலிருந்து பிறந்தது என்று கொள்வதில் தவறில்லை. களை மடிவதும் பூச்சிக் கூடுகள் அழிவதும் கூடுதல் ஆதாயம்.

எனவே 1037ஆம் குறளைக் கண்டறிந்து சொன்னவர் உழவரின் அருகில் நின்று பார்த்தவர் என்பதில் ஐயமில்லை. இவ்வளவோடு நின்றிருந்தால், குறளில் அறிவியல் என்று மேடைகளில் முழங்குவோர்க்கு இது நல்ல விருந்தாகும். ஆனால் பர்ச் கண்டது ஈட்டமன்று, செலவு. உலர்த்தல் மண்ணுக்குள் புதிதாக ஒன்றையும் சேர்ப்பதில்லை. முன்பே சேர்ந்திருந்த மக்கை விரைந்து கரைத்துப் பயிருக்குத் தருகிறது. பத்தாயத்தைத் திறந்து நெல்லை அள்ளுவது போன்றது அது. பத்தாயம் நிறைந்திருக்கும்வரை அள்ளலாம். பின்னர்?

இந்தப் பின்னர் என்ற கேள்விக்கு விடை 1038ஆம் குறளில் இருக்கிறது. முதற்குறள் ஒரு போகத்து விளைவைப் பேசுகிறது. இரண்டாவது, ஆண்டுதோறும் உழுது உண்ணும் குடும்பத்தின் நிலத்தைப் பேசுகிறது. இருப்பதை வெளிக்கொணர்வது ஏர். எடுத்ததைத் திரும்ப வைப்பது எரு. ஒரு பிடியும் வேண்டா என்று உழவின் ஆற்றலைச் சொல்லி முடித்த கையோடு, அதனை நம்பி ஏமாந்துவிடாதே என்று உடனே திருத்துவது போல அடுத்த குறள் அமைந்துள்ளது. இவ்விரண்டையும் பிரித்துப் படிப்பது பொருந்தாது. ஒன்றை ஒன்று மறுப்பதாகக் கொள்ளாமல், ஒன்றன் எல்லையை மற்றொன்று வரைவதாகக் கொண்டால் முரண் நீங்கும்.

எரு இல்லாத நிலம் என்ன தரும் என்பதை நெடுங்காலம் அளந்து பார்த்த வயல்கள் உலகில் உள. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட்டில் லாஸ், கில்பர்ட் இருவரும் 1843ஆம் ஆண்டில் தொடங்கிய பிராட்பாக் கோதுமை வயல் இன்றும் விதைக்கப்பட்டு வருகிறது. அங்கே எந்த எருவும் பெறாத பாத்தி ஒன்று உண்டு. அது ஹெக்டேருக்கு ஏறத்தாழ ஒரு டன் தானியமே தருகிறது; உயர்ந்த விதைகள் வந்த பிறகும் அதன் நிலை பெரிதும் மாறவில்லை. பக்கத்துப் பாத்திகளில் தொழுவெருவோ இரசாயன உரமோ போதிய அளவு பெற்றவை அதனைப்போல் பன்மடங்கு விளைகின்றன. ஆக, எருவிடாத மண் மலடாகிவிடவில்லை. ஆனால் குறள் சொல்லும் செழிப்பான விளைவும் அங்கு இல்லை. நீர் தேங்கும் நெல்வயலில் நிலை சற்று மேல். அங்கே வாழும் நீலப்பச்சைப் பாசிகளும் நுண்ணுயிர்களும் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தருவதால், பிலிப்பீன்ஸில் லோஸ் பானியோஸ் நகர் நெல் ஆய்வு நிலையத்தில் 1963ஆம் ஆண்டு முதல் தொடர்ந்து நடவு செய்யப்பட்ட வயலின் உரமில்லாப் பாத்தி வீழ்ந்துவிடாமல் நிலையாக விளைந்து வந்தது. நெல்லுக்கும் கோதுமைக்கும் இந்த வேறுபாடு முக்கியமானது. உரை எழுதுவோர் இக்குறள் நன்செய்யைப் பற்றியதா புன்செய்யைப் பற்றியதா என்று முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். புழுதி என்ற சொல்லும் காயவிடுதலும் புன்செய் உழவையோ, நன்செய்யாயின் நடவுக்கு முந்திய கோடையுழவையோ சுட்டுகின்றன.

எரு வேண்டும் என்று ஒப்புக்கொண்டால், எந்த எரு என்ற கேள்வி எழுகிறது. இங்கேதான் தமிழ்க் கலைச்சொற்கள் சற்றுக் குழப்பம் விளைவிக்கின்றன. நைட்ரஜனுக்குத் தழைச்சத்து, பாஸ்பரசுக்கு மணிச்சத்து, பொட்டாசியத்துக்குச் சாம்பல்சத்து என்று பெயரிட்டவர்கள் உழவனுக்குப் புரியவேண்டும் என்ற நல்லெண்ணத்தில் பெயரிட்டனர். சொற்களும் அழகியவை. ஆனால் மணிச்சத்து என்ற பெயரைக் கேட்பவர், கதிரில் மணி பிடிப்பது அதனால்தான் என்றும், தழைச்சத்து வெறும் இலைக்கே உரியது என்றும் எண்ணிவிடுகின்றனர். உண்மையில் தானியப் பயிர்களின் மணி விளைச்சலைப் பெரும்பாலான நிலங்களில் மிகுதியாக உயர்த்துவது தழைச்சத்தே. மணியில் அடங்கும் புரதமும் அதனால் ஆனதே. மணிச்சத்து வேர் ஓடவும் தூர் கட்டவும் உதவுகிறது. அது குறைந்த மண்ணில் மற்றவை எவ்வளவு கொட்டினாலும் வீண். பெயர் ஒன்றைக் கற்பிக்கும் ஆசிரியர், அது பெயர் மட்டுமே என்பதையும் சேர்த்துக் கற்பித்தல் நன்று.

எது குறைவோ அதுவே விளைவின் அளவைத் தீர்மானிக்கும் என்பது ஜெர்மானிய அறிஞர் லீபிக் பரப்பிய கொள்கை. அவர்க்கு முன் ஸ்ப்ரெங்கல் கூறியது அது. பல பலகைகளால் ஆன மரத்தொட்டியில் மிகக் குட்டையான பலகை எதுவோ அதுவரைதான் நீர் நிற்கும் என்று இதனை விளக்குவர். இக்கொள்கையின் உண்மையை இந்தியாவில் 1970களின் தொடக்கத்தில் பல்வேறு மண்களில் நிறுவப்பட்ட நெடுங்கால உர ஆய்வுகள் கண்கூடாகக் காட்டின. இமாசலப் பிரதேசத்துப் பாலம்பூரில் மண் புளிப்பானது. அங்கே மக்காச்சோளமும் கோதுமையும் மாறி மாறி விதைத்து, ஒரு பாத்திக்கு ஆண்டுதோறும் யூரியா ஒன்றையே தந்து வந்தனர். சில ஆண்டுகளில் அப்பாத்தி எதுவும் விளையாத நிலையை அடைந்தது. அதே மண்ணில் மூன்று சத்துகளும் தொழுவெருவும் பெற்ற பாத்தியும், மூன்று சத்துகளோடு சுண்ணாம்பு பெற்ற பாத்தியும் நன்கு விளைந்தன. எரு இடாமை நிலத்தைத் தளர்த்தும். ஒரே எருவைத் தொடர்ந்து இடுவது சில மண்களில் நிலத்தைக் கொல்லும். 1038ஆம் குறளை, எவ்வளவு போட்டாலும் நல்லது என்று பொருள் கொள்வோர்க்கு இது தக்க மறுமொழி.

மண் மாறினால் உரத்தின் குணமும் மாறிவிடுகிறது. கிறிஸ்துமஸ் தீவுப் பாறைப் பாஸ்பேட்டை இந்நாட்டுத் தோட்டங்களில் வேலை செய்தோர் யாவரும் அறிவர். ரப்பருக்கும் செம்பனைக்கும் மூட்டை மூட்டையாக இறங்கிய உரம் அது. புளிப்பான மண் அப்பாறைத்தூளை மெல்லக் கரைத்து வேருக்குத் தருகிறது. அதே தூளைக் கோயம்புத்தூர்ப் பக்கத்துச் சுண்ணாம்பு கலந்த கரிசலில் தூவினால், ஆண்டுகள் பல கழிந்தும் தூளாகவே கிடக்கும். துத்தநாகத்தின் கதை இதற்கு நேர் எதிர். புளிப்பு மண்ணில் அது எளிதில் கிடைக்கும், காரமண்ணில் கட்டுண்டுவிடும். வட இந்தியத் தராய் வயல்களில் நெற்பயிர் துருப்பிடித்தாற்போலப் பழுத்ததைக் கைரா நோய் என்றனர். அது துத்தநாகக் குறையே என்பதை 1966ஆம் ஆண்டில் பந்த்நகரில் நேனே என்பவர் காட்டினார்.

இனி தெலுக் இந்தான் வட்டாரத்துக்கு வரலாம். 1982ஆம் ஆண்டு வரை தெலுக் ஆன்சன் என்று வழங்கிய இவ்வூரின் மண் எத்தகையது என்பதற்கு, 1885ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டு மென்மையான தரையில் சாய்ந்து நிற்கும் கடிகாரக் கோபுரமே சாட்சி. பேராக் ஆறு கடலை நெருங்கும் இத்தாழ்நிலத்தில் கடற்களிமண்ணும், மலாயில் தானா கம்புட் எனப்படும் கரிமண்ணும் பரந்து கிடக்கின்றன. சுங்கை மானிக் நெல்வயல்களும், ஆற்றுக்கு அப்பால் செபராங் பேராக் நெல்திட்டமும், சுற்றிலும் செம்பனைத் தோட்டங்களும் இத்தாழ்நிலத்தில் அமைந்தவை. இம்மாணவர்க்கு 1037ஆம் குறளை வரிப்பொருள் மாத்திரம் சொல்லி விடுவது ஆபத்து. ஏன் என்பதைச் சற்று விரித்துக் கூற வேண்டும்.

கண்டல் காடுகள் நின்ற பழங்காலத்தில் கடல்நீரின் கந்தகமும் சேற்றின் இரும்பும் சேர்ந்து, கரையோரக் களிமண்ணின் அடியில் பைரைட் என்னும் தாதுவாகப் படிந்தன. நீருக்கடியில் காற்றுப் படாமல் இருக்கும்வரை அதனால் தீங்கில்லை. வாய்க்கால் வெட்டி நீரை வடித்து மண்ணை உலர்த்தினால், காற்றுப்பட்டு அது கந்தக அமிலமாக மாறத் தொடங்கும். மண்ணில் வைக்கோல் நிற மஞ்சள் புள்ளிகள் தோன்றும். அமிலத்தன்மையின் அளவெண் மூன்றரைக்கும் கீழே இறங்கும். அந்நிலையில் அலுமினியம் கரைந்து வேரைக் கருக்குகிறது. தூவிய மணிச்சத்தை அலுமினியமும் இரும்பும் பற்றிக்கொள்வதால் அது பயிருக்கு எட்டுவதில்லை. கேரளத்துக் குட்டநாட்டின் கரிநிலங்களிலும் வியட்நாமின் மேகோங் கழிமுகத்திலும் உழவர் படும் பாடு இதுவே. ஆக, பலம் புழுதி காற்பலமாக உலர்த்துதல் தமிழ்நாட்டுச் செம்மண்ணில் தழைச்சத்தைத் தரும். கீழ்ப் பேராக்கின் கடற்களியில் அமிலத்தைத் தரும். செயல் ஒன்றே, மண் வேறு.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. எடை உண்மையாகவே நான்கில் ஒன்றாகக் குறையக்கூடிய மண் இவ்வட்டாரத்தில் இருக்கிறது. அது கரிமண். தன் உலர் எடையைப் போலப் பன்மடங்கு நீரைத் தாங்கும் அம்மண்ணை உலர்த்தினால், குறளின் கணக்கு எழுத்துக்கு எழுத்து நிறைவேறும். ஆனால் அவ்வாறு கடுமையாக உலர்ந்த கரிமண் மீண்டும் நீரை எளிதில் ஏற்பதில்லை, சுருங்கித் தாழ்கிறது, வறட்சியில் தீப்பற்றினால் நாட்கணக்கில் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். இதில் மக்குக்குக் குறைவில்லை. குறைவது செம்பு போன்ற நுண்சத்துகள். செம்பு இல்லாத கரிமண்ணில் நெல் பச்சையாகத் தழைத்துக் கதிரும் விட்டுக் கடைசியில் பதராக நிற்கும். பத்தாயம் நிறைய இருந்தும் சமைக்க உப்பில்லாத வீட்டின் நிலை அது.

இந்நிலங்களுக்கு மருந்து வேறு. இலங்கையில் பிறந்து லோஸ் பானியோஸ் நிலையத்தில் பணியாற்றிய பொன்னம்பெரும, நீர் தேங்கிய மண்ணின் வேதியலை 1972ஆம் ஆண்டில் ஒரு பெருங்கட்டுரையாக வகுத்தார். புளிப்பான மண் சில வாரங்கள் நீரில் மூழ்கியிருந்தால் அதன் புளிப்புத் தணிந்து நடுநிலையை நெருங்கும் என்பதும், இரும்போடு பிணைந்திருந்த மணிச்சத்து ஓரளவு விடுபடும் என்பதும் அதனால் தெளிவாயின. ஆனால் கந்தக அமில மண் இவ்வாறு எளிதில் வழிக்கு வருவதில்லை. ஆதலால் நீர்மட்டத்தைப் பைரைட் அடுக்குக்கு மேலே நிறுத்திவைப்பதும், மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் தூளை இடுவதும் வேண்டப்படுகின்றன. கெடாவிலும் கிளந்தானிலும் இத்தகைய நெல்வயல்களில் ஹெக்டேருக்கு 4 டன் அளவில் அத்தூளை இட்டுப் பயன் கண்டிருக்கின்றனர். பேராக்கு மாநிலத்துக்கு இதில் ஒரு நற்பேறு. ஈப்போவைச் சூழ்ந்த குன்றுகள் சுண்ணாம்புக் குன்றுகளே. 1979ஆம் ஆண்டில் தொடங்கிய அரசாங்க நெல் உர உதவித் திட்டம் நெடுங்காலம் எல்லா வயல்களுக்கும் ஏறக்குறைய ஒரே கலவையையே வழங்கியது. நிர்வாகத்துக்கு அது எளிது, மண்ணுக்கு அன்று. அமிலம் தணியாத வயலில் அம்மூட்டையின் மணிச்சத்து பாதி வழியிலேயே பிடிபட்டுவிடுகிறது.

உரை வேற்றுமை என்பது ஏட்டோடு நின்றுவிடும் செய்தி என்று எவரும் எண்ண வேண்டா. எரு வேண்டா என்ற கருத்து நிலத்துக்கு வந்தபோது நேர்ந்ததை இலங்கை காட்டியது. 2021ஆம் ஆண்டு ஏப்ரலில் அந்நாட்டு அரசு இரசாயன உர இறக்குமதியை நிறுத்தும் முடிவை அறிவித்தது. மாற்றாகப் போதிய இயற்கை எரு கையிருப்பில் இல்லை. நவம்பரிலேயே தடையைத் தளர்த்த நேரிட்டது. ஆயினும் அடுத்த பெரும்போக நெல்விளைவு வீழ்ந்தது. அரிசியை வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டிவந்தது. அம்முடிவுக்குத் திருக்குறள் காரணமன்று. ஆனால் இயற்கை வேளாண்மையைப் போற்றும் தமிழ் மேடைகளில் 1037ஆம் குறள் தனியே எடுத்தோதப்படும்போது, அடுத்த குறள் ஓதப்படுவதில்லை என்பதைக் கேட்டவர் அறிவர். தொழுவெருவைப் போற்றுவது தக்கதே. பாலம்பூர்ப் பாத்தியும் அதனையே சொல்லும். எருவே வேண்டா என்பதோ, தொழுவெருவைப் போற்றுவோர்க்கும் எதிரான கூற்று.

ஆகவே இவ்விரு குறள்களுக்கும் பள்ளிக்கூடக் குறிப்புரை இவ்வாறு அமைந்தால் போதும்: "நன்கு உலர்ந்து மீண்டும் நனைந்த மண் தன்னுள் இருந்த சத்தை அந்தப் போகத்துக்கு மிகுதியாகத் தரும். அளவு கூறியது மிகைபடக் கூறல். இது கோடை உடைய நாட்டு உழவு. ஆண்டு முழுதும் மழை பெய்யும் கடலோரக் களிக்கும் கரிமண்ணுக்கும் ஆகாது. எடுத்த சத்தை எருவாகத் திரும்ப வைக்க வேண்டும் என்பதை அடுத்த குறளிற் காண்க." அதிகாரத்தின் 1039ஆம் குறள், உரியவன் சென்று பாராத நிலம் மனைவியைப்போல ஊடிவிடும் என்கிறது. உரையாசிரியர் அதில் உவமையின் நயத்தை மட்டும் விரித்தனர். மாணவரும் சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குச் சென்றுவிடுகின்றனர். எருவைப் பற்றிய இரு குறள்களை அடுத்து அது வைக்கப்பட்டிருப்பதற்கும் ஒரு காரணம் சொல்லும் உரை இனித்தான் எழுதப்பட வேண்டும்.